தாராளக்கா தைத்த இருபத்தெட்டு

அந்தக் கடைத்தெருவில் தாராளக்கா என்றால் பால்காரர் முதல் பள்ளித் தலைமையாசிரியை வரை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்சாரக் கட்டண அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. பள்ளிச் சீருடை தைப்பவள். கால்சட்டையின் பின்தையலில் மற்றவர்கள் ஒரு விரல் துணி விட்டால் இவள் நாலு விரல் விடுவாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அவள் தைத்த கால்சட்டையோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒருவன், அதையே பிரித்துப் போட்டுக்கொண்டு போய்த் தன் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியாவது உண்மை.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், நடுவில் துணி வெட்டும் பெரிய மேசை. அந்த மேசைக்கு அடியில்தான் அவளுடைய ஒரே மகன் வளர்ந்தான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பள்ளி திறக்கும் பருவத்தில் சட்டைக் குவியல் கூரையை முட்டும். குவியலுக்குள் தன் பிள்ளையின் சட்டையைத் தேடப் புகுந்த ஒருவரை மறுநாள்தான் வெளியே எடுத்தோம் என்று லாரிக்காரர் போகிற ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட அவசரத்தில், மூன்று வயதுக் குழந்தை "அம்மா இது என்ன, அம்மா கத்திரியைக் குடு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது? கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். வாய் மென்றுகொண்டிருந்தால் கேள்வி வராது. பாக்கெட் தீர்ந்து மேசைக்கடியிலிருந்து குரல் வந்தால் அடுத்த பாக்கெட். பிஸ்கட் சலித்தால் வறுவல். வறுவலுக்குத் தாகம் எடுத்தால் பாட்டிலில் கலர். "எம் பையன் மாதிரி தொந்தரவில்லாத பிள்ளை எங்க கிடைக்கும்?" என்று மெஷினை மிதித்தபடியே பெருமைப்படுவாள். லாரிக்காரரும் தம் பங்குக்குக் குறை வைக்கவில்லை. பிள்ளை முகத்தை வாரக்கணக்கில் பார்க்காத குற்றத்துக்கு அபராதமாக, ஒவ்வொரு முறையும் ஓர் அட்டைப்பெட்டித் தின்பண்டத்தை வாசலில் இறக்குவார்.

பையனுக்கு எட்டு வயது ஆனபோது நடந்தது அந்தச் சங்கதி. கடைக்கு வந்த ஓர் அம்மாள் மேசைமேல் கிடந்த அரைக்கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தைத்திருந்த லேபிளைப் படித்தாள்.

"இது யாரோடது? இடுப்பு முப்பத்திரண்டு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கே முப்பத்திரண்டுதான்."

"அது ஒரு வாத்தியாரோடது."

"அரைக்கால்சட்டை போடுற வாத்தியாரா?"

"உடற்பயிற்சி வாத்தியார்" என்றாள் தாராளக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். மேசைக்கடியில் இருந்தவன் அன்று சாப்பிடக் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் அங்கிருந்தே கேட்டான்.

"அம்மா, முப்பத்திரண்டுன்னா ரொம்பப் பெருசா?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லேபிளைப் பிரித்தெடுத்தாள். பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து அதே இடத்தில் தைத்தாள். குனிந்து காட்டினாள்.

"லேபிளைத் தப்பா வச்சு தைச்சுட்டேன்டா கண்ணு. நீ இருபத்தெட்டுதான். பாரு."

பார்த்தான். வெளியே வந்தான். சாப்பிட்டான். அவ்வளவு சுலபமாக ஒரு துக்கம் தீர்ந்ததை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

அதன்பிறகு துணி வளர்ந்தது, லேபிள் வளரவில்லை. எட்டு வயதிலும் இருபத்தெட்டு, பத்திலும் இருபத்தெட்டு, பன்னிரண்டிலும் இருபத்தெட்டு. இந்த வித்தை மகனோடு நிற்கவும் இல்லை. "சைஸைப் பார்த்தா எம் பொண்ணு அழுவாக்கா" என்று ஒருத்தி கண் கலங்கினாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு சின்ன எண் கிடைத்தது. விஷயம் இன்னதென்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே பரவியது. மற்ற கடைகளில் பிள்ளைகள் பெருத்தார்கள். தாராளக்கா கடையில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். கூட்டம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேபிள் விற்க வருகிற வியாபாரிதான் குழம்பிப்போனான்.

"என்னக்கா, எப்பவும் இருபத்தாறும் இருபத்தெட்டுமே வாங்குறீங்க. முப்பத்தாறு, முப்பத்தெட்டெல்லாம் என்கிட்ட தூசி பிடிச்சுக் கிடக்கு. உங்க கடைப் பிள்ளைங்க சாப்பிடுறதே இல்லையா?"

"காத்தைக் குடிச்சு வளருதுங்க தம்பி. நீ கட்டைப் பிரி."

லாரிக்காரரின் தங்கை அந்தப் பள்ளியிலேயே நர்சு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்ப்பவள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தி வாயில் ஊசியும் இன்னொருத்தி கையில் ஊசியும் இருந்ததால் பேச்சில் எங்காவது குத்திவிடும். ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பையனை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டணும்."

"எதுக்கு? அவன் ஒரு தும்மல்கூடப் போடல."

"எடை எகிறிக்கிட்டே போகுது. மாடிப்படி ஏறினா நடுவுல உக்காந்துடுறான். கழுத்துக்குப் பின்னாடி கறுப்பா பட்டை விழுந்திருக்கு, பார்த்தீங்களா?"

"அழுக்கு. ஒழுங்கா தேச்சுக் குளிச்சாத்தானே."

"அழுக்கு இல்ல அண்ணி. உள்ள சர்க்கரை ஏறப்போகுதுன்னு தோல் சொல்ற சேதி."

"உனக்குப் பிள்ளைங்கன்னா ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கணும். வளர்ற பையன். உயரம் இழுத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

"உங்க பிள்ளையை மட்டும் சொல்லல. நான் வேலைக்குச் சேந்தப்போ வகுப்புக்கு இப்படி ஒருத்தன் இருந்தான். இப்போ பெஞ்சுக்கு ஒருத்தன் இருக்கான். இங்க மட்டுமா, உலகம் பூரா இதே கதைதான். எந்த நாட்டுல போய்க் கேட்டாலும் டாக்டருங்க தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அப்போ முதல்ல உலகத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. நாங்க பின்னாடி வர்றோம்."

நாத்தனார் எழுந்து போனாள். மறுநாள் காலையில் தாராளக்கா மகனைக் குளியலறையில் நிறுத்தி, நார் போட்டுக் கழுத்தைத் தேய்த்தாள். தோல் சிவந்தது; கறுப்பு அசையவில்லை.

"வலிக்குதும்மா."

"அழுக்குடா. கொஞ்சம் பொறு" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பையனுக்கு ஒரே ஒரு பைத்தியம், பள்ளியின் வாத்தியக் குழு. பெரிய டிரம் அவனுடையது. அதை அவன் தட்டினால் பக்கத்துத் தெருவில் தூங்குகிறவர்கள் எழுந்து அணிவகுப்பில் சேர்ந்துகொள்வார்கள். வகுப்பில் அவனை 'டிரம்மு' என்றுதான் கூப்பிட்டார்கள். தன் வாசிப்புக்குக் கிடைத்த பட்டம் என்று அவன் வீட்டில் வந்து சொன்னபோது அவள் சட்டென்று குனிந்து நூல்கண்டைத் தேடினாள். "பட்டம் சும்மா கிடைக்குமா?" என்றாள், மேசைக்கு அடியிலிருந்து.

அந்த ஆண்டு குழுவுக்குப் புதிய உடுப்பு என்று முடிவானது. தோளில் பொன்னிறக் குஞ்சம் வைத்தது. வெளியே ஒரு பெரிய கம்பெனியில் தைப்பதாக ஏற்பாடு. பேண்ட் மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் அளவு கேட்டார். இவன் நிமிர்ந்து நின்று இருபத்தெட்டு என்றான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "வீட்ல கேட்டுட்டு வா" என்றார். "எங்கம்மா டெய்லர் சார்" என்றான். அதற்குமேல் அவர் என்ன சொல்வார்?

உடுப்பு வந்த அன்று, பள்ளி விடுவதற்கு முன்னாலேயே நாத்தனார் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பையன் அம்மாவைப் பார்க்காமல் நேரே உள்ளே போய்விட்டான். நாத்தனார் தணிந்த குரலில் சொன்னாள்.

"தொடைக்கு மேல ஏறல அண்ணி. எல்லாரும் சிரிச்சாங்க. இவன் விடல. தப்பா தைச்சிருக்காங்க, நான் இருபத்தெட்டுன்னு கத்தினான். மாஸ்டர் டேப் எடுத்து அளந்தாரு. முப்பத்தொன்பது. 'உங்க டேப் தப்பு சார், எங்கம்மா டேப் தப்பாது'ன்னான். அதுக்கும் சிரிச்சாங்க. மேல ஓடினான், பாதிப் படியில மயங்கி உக்காந்துட்டான். நான்தான் போய் அவன் போட்டிருந்த ஸ்கூல் கால்சட்டை இடுப்பைத் தளர்த்தி விட்டேன்."

மெஷின் நின்றது.

"உள்ள லேபிளைப் பார்த்தேன் அண்ணி."

ஊசியின் கீழே ஒரு சின்னச் சட்டையின் கை பாதித் தையலில் மாட்டிக்கொண்டு நின்றது.

"காலைல வெறும் வயித்துல அவனைக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பார்க்கணும்" என்றாள் நாத்தனார். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

டாக்டர் இளவயதுக்காரர். பரிசோதனை முடிவைப் பையனுக்கும் புரியும்படி சொன்னார். "சர்க்கரை நோய் இன்னும் வீட்டுக்குள்ள வரல. வாசல்ல நிக்குது. இப்போவே திருப்பி அனுப்பிடலாம். பட்டினி வேண்டாம், யாரும் இவனைத் திட்டவும் வேண்டாம். இவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடாதீங்க. வீட்டுல எல்லாருமே மாறணும். பாட்டில் பானம் வேண்டாம். நடக்கட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும். ஆனா இவனுக்கே மனசு இருந்தாத்தான் நடக்கும். என்னப்பா?"

"நான் எதுக்கு மாறணும்?" என்றான் பையன். "எனக்கு எட்டு வயசுல இருந்து ஒரே அளவுதான். எல்லாரும் சும்மா சொல்றாங்க. எங்கம்மாவைக் கேளுங்க. இந்த ஊருக்கே அவங்கதான் அளவெடுக்குறாங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். நாத்தனார் அவளைப் பார்த்தாள். மகனும் பார்த்தான், வக்கீலைப் பார்க்கும் கட்சிக்காரன் மாதிரி. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது சொல்லி அனுப்புகிறவள் அன்று முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"துணி... கொஞ்சம் இழுக்கும் டாக்டர்" என்றாள்.

"துணி இழுக்கும்மா. ரத்தம் இழுக்காது" என்றார் அவர்.

வெளியே வந்ததும், பையன் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் நாத்தனார் சொன்னாள். "நான் சொன்னா நம்ப மாட்டான், டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டான். உங்களைத்தான் நம்புறான். நீங்க சொல்ற வரைக்கும் அவன் ஒரு அடி நடக்க மாட்டான். சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடட்டும் என்று விட்டாள். சாப்பிட்ட பின் தூங்கட்டும் என்று விட்டாள். பிறகு பள்ளி நாள், பிறகு விடுமுறை நாள். சொல்லாமல் இருப்பதற்கு அவள் கண்டுபிடித்த காரணங்களை வைத்து ஒரு பள்ளிக்கே சீருடை தைத்திருக்கலாம். பையன் இதற்கிடையே வீம்புக்கென்றே இரண்டு மடங்கு தின்றான். பாக்கெட் பிரிகிற சத்தம் உள்ளே கேட்கும்போதெல்லாம் இவள் மெஷினை வேகமாக மிதித்தாள். மிதித்தும் கேட்டது.

ஒருநாள் மாலை அவனே வந்து எதிரில் நின்றான். முகத்தில் பெரிய யோசனை ஒன்று பழுத்திருந்தது.

"அம்மா, நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வா. உன் டேப்பை எடுத்துக்க. மாஸ்டர் முன்னாடி, எல்லாப் பசங்க முன்னாடியும் என்னை அளந்து காட்டு. அப்போ தெரிஞ்சுடும்ல?"

அவள் காலை மிதிபலகையிலிருந்து எடுத்தாள்.

"உக்காருடா."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். வருவியா?"

"மாஸ்டர் டேப் சரிதான் கண்ணு."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொன்னாள். அரைக்கால்சட்டை வாத்தியாரில் தொடங்கி, ஒவ்வொரு ஆண்டும் பழைய லேபிளைப் பெரிய கால்சட்டைக்கு மாற்றித் தைத்ததுவரை, வளைத்துப் பேசாமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் கதை கட்டாமல் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"அப்போ அவங்க சிரிச்சது?"

"சிரிச்சது தப்பு. அளவு தப்பில்ல."

"டிரம்முன்னு கூப்பிடுறது... நான் வாசிக்கிறதுக்கு இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சின்ன எண்ணை எடுத்து ஒட்டிவிட இப்போதும் கை பரபரத்தது. "எனக்குத் தெரியல" என்றாள். அதுவும் முழு உண்மையில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"உனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றான் அவன். "நான் எல்லார் முன்னாடியும் மாஸ்டர்கிட்ட சண்டை போட்டேன்மா. உன்னை நம்பி."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்டா..."

"இப்போ நோகலையா?"

அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கலாம். அவன் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் மனசு நோகக் கூடாதென்றா செய்தாள்? அதுவும் உண்டு. சிரித்த அந்த அம்மாளின் முகம் மறக்காததும் உண்டு. அதற்கும் கீழே, மேசைக்கடியில், ஒரு மூன்று வயதுக் குழந்தை எதையோ மென்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது. அவன் பசிக்கென்று அவள் கொடுத்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அவன் வாயை அடைக்கக் கொடுத்தது. அம்மா அம்மா என்று அவன் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. எதுவும் அவள் காதில் விழுந்ததே இல்லை.

மறுநாளிலிருந்து கடையில் உண்மையான லேபிள் வந்தது. வியாபாரி தூசி தட்டி மொத்தக் கட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். அதன்பிறகு கேட்க வேண்டுமா?

"என்னக்கா, ஒரே வருஷத்துல எம் பொண்ணு அஞ்சு சைஸ் ஏறிட்டாளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரே வருஷத்துல இல்லம்மா. வருஷா வருஷம் ஏறினா. நான்தான் சொல்லல."

"யாரு சொல்லச் சொன்னா இப்போ?" என்று அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். அப்படிப் பலர் போனார்கள். ஒரே ஓர் அம்மாள் மட்டும் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "எனக்கும் தெரியும்க்கா" என்றாள் கடைசியில். "உங்க லேபிள்தான் எனக்குச் சாக்கா இருந்துச்சு." அதைக் கேட்டுத் தாராளக்காவின் பாரம் குறையவில்லை, எத்தனை வீடுகளுக்குச் சாக்குத் தைத்துக் கொடுத்தோம் என்று அது ஏறத்தான் செய்தது.

லாரிக்காரர் அந்த முறை தின்பண்டம் இல்லாமல் வந்தார். தங்கை போனில் என்ன சொன்னாளோ, அட்டைப்பெட்டிக்குப் பதிலாக மகனுக்கு ஒரு ஜோடி காலணி. வீட்டில் பாட்டில்கள் ஒழிந்தன. மூவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பையன் சாப்பிட்டான், அம்மாவிடம் மட்டும் பேச்சில்லை. அத்தை சொன்னதற்காகப் பள்ளிக்கு நடந்து போக ஒத்துக்கொண்டான். மயக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளக் கூட யாராவது போக வேண்டும் என்றபோது நிபந்தனை போட்டான். "வரட்டும். பின்னாடி வரட்டும். பேசக் கூடாது."

ஆக, சீருடைக் காலத்தின் நடுவில் காலையில் கடையை அடைத்துவிட்டுத் தாராளக்கா நடந்தாள். முன்னால் மகன், ஒரு விளக்குக்கம்பத் தூரம் விட்டுப் பின்னால் அவள். இத்தனை வருஷம் நாற்காலியிலேயே உட்கார்ந்து மிதித்த கால். தெரு தாண்டுவதற்குள் முழங்கால் முனகியது. அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சட்டை முதுகில் ஈரம் பரவுவதை மட்டும் அவள் பார்த்துக்கொண்டே போவாள். இறுக்கமாகத் தைத்துவிட்டோமோ என்று கை தானாக எழும், அடக்கிக்கொள்வாள்.

வழியில் பெரிய சாலைக்கு மேலே ஒரு நடைமேம்பாலம் உண்டு. ஒருநாள் அதன் பாதிப் படியில் அவன் நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். சில படிகள் கீழே அவளும் நின்றாள். கீழே பேருந்துகள் இரைந்தன. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர்களைக் கடந்து தாவித் தாவி ஏறிப் போனார்கள்.

அவன் முதல்முறையாகத் திரும்பினான்.

"ஏன் நின்னுட்டே?"

"மூச்சு வாங்குது."

"எனக்காகச் சொல்றியா?"

அவள் பதில் சொல்லப் பார்த்தாள். சொல் வரவில்லை; காற்றுதான் வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்கிறாளா ஆமாம் என்கிறாளா என்று அந்த ஆட்டலில் தெரியவில்லை.

அவன் இரண்டு படி இறங்கி வந்தான். குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். நெற்றி வியர்வையை, திறந்திருந்த வாயை, ஏறி இறங்கும் கழுத்தை, ஒவ்வொன்றாக. கடையில் பிழை தேடி ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்க்கிற வாடிக்கையாளர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். யார் முன்னாலும் இப்படி நின்றதில்லை.

"நிஜமாத்தான் வாங்குது" என்றான் அவன், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு தன் படியிலேயே உட்கார்ந்தான். பக்கத்தில் இடமிருந்தது. அவன் கீழ்ப்படியைக் காட்டினான்.

"அங்க உக்காரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாம்."

அவள் அங்கே உட்கார்ந்தாள்.